மைதானத்திலும் வகுப்பறையிலும் துணைநின்றவர்களுக்கு

அன்புக்குரிய ஆசிரியர்களுக்கும் அயலவர்களுக்கும்,

திருகோணமலையில் 800 மீற்றர் ஓடித் திரிந்த ஒரு பெண்பிள்ளை பல்கலைக்கழகமும் போனாள் என்றால், அது உங்களால்தான். ஊரறியச் சொல்ல வேண்டிய நன்றி இது.

விளையாட்டு ஆசிரியை மிஸ், மெக்கெய்சர் மைதானத்தில் நீங்கள் முதலில் கேட்டது கணிதக் கொப்பியைத்தான். கணக்கு முடிக்காத பிள்ளைக்கு அன்று ஓட்டமில்லை. உயர்தரம் வந்தால் விளையாட்டை விட்டுவிட வேண்டும் என்று எல்லோரும் சொன்ன காலத்தில், வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசினீர்கள். நீங்கள் பேசியிராவிட்டால் எங்களில் பலர் சாதாரண தரத்தோடு மைதானத்தை மறந்திருப்போம். கச்சான் காற்று முகத்தில் அடிக்கும் ஆடி மாதத்தில், முதற் சுற்றை அடக்கி ஓடிப் பலத்தை இரண்டாம் சுற்றுக்கு வைத்திருக்கப் பழக்கினீர்கள். பரீட்சை மண்டபத்திலும் எனக்குக் கைகொடுத்தது அந்தப் பழக்கம்தான்.

பௌதிகவியல் சேர், வேக நேர வரைபு விளங்கவில்லை என்றதும் என் ஓட்ட நேரங்களைக் கேட்டு வாங்கிக் கரும்பலகையில் வரைந்தீர்கள். 400 மீற்றருக்குப் பிறகு கோடு சரிந்தது. "எவ்வளவு சரிந்தாலும் கீழுள்ள பரப்பு 800தான். அதுதான் நீ ஓடிய தூரம்" என்றீர்கள். அதன்பின் அந்தப் பாடம் எனக்குப் பயம் காட்டவில்லை. எங்களுக்காக மாலை வகுப்பைப் பிந்தித் தொடங்கினீர்கள், கட்டணமும் கேட்கவில்லை. அம்மாவும் நன்றி சொல்லச் சொன்னார்.

உவர்மலை மாமா, 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகும் விடியற்காலையில் பிள்ளைகளைத் தனியே அனுப்ப வீடுகள் அஞ்சின. நீங்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு மைதானம் வரை கூடவே வந்தீர்கள். திரும்பி வந்தால் மாமியின் குரக்கன் கூழ் சுடச்சுட இருக்கும். இருவருக்கும் என் வணக்கம்.

மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் நடந்த மாகாணப் போட்டியில் என் சப்பாத்தின் அடி பிய்ந்துபோனது. உன் 200 மீற்றர் முடிந்த கையோடு உன்னுடையதைக் கழற்றித் தந்த கல்முனைத் தோழியே, பெயரைக் கேட்பதற்குள் உங்கள் பஸ் புறப்பட்டுவிட்டது. இதை வாசித்தால் எனக்கு எழுது. அந்தச் சப்பாத்தோடு ஓடி வென்ற வெள்ளிப் பதக்கத்தை உன் கையில் தந்து பார்க்க வேண்டும்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் மாணவி