புரட்டாசியில் சம்பந்தி தின்ற பொரி

அன்புள்ள ராஜாத்திக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பதாக உன் தங்கை சொன்னாள். சித்திரையில் நீ எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை என்பது நினைவில் இருக்கிறது. அதற்குரிய வசவை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது எழுதுவதற்குக் காரணம், வீட்டில் முளைத்திருக்கும் ஒரு சிக்கல். அதற்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி உனக்குத்தான் உண்டு, ஏனென்றால் இந்தப் பாவத்தில் உனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பங்கு இருக்கிறது.

மகள் திலகத்தின் மாமனார் சென்னையிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். அவரைப் பற்றி உனக்குத் தெரியும். மற்ற மாதங்களில் ஆட்டுத் தலையைக்கூட விட்டுவைக்காதவர், புரட்டாசி பிறந்துவிட்டால் நெற்றியில் நாமத்தோடு, கேக்கில் முட்டை கலந்திருக்கிறதா என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். அன்று மாலை நல்ல மழை. திண்ணையில் உட்கார்ந்து மழையை ரசித்துக்கொண்டிருந்தவருக்கு முன்னால், என் நாத்தனார் ஒரு கிண்ணம் நிறையப் பொரியும் பொட்டுக்கடலையும் கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பொரியோடு வேறு என்ன கலந்திருந்தது என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முந்தின மழைக்குப் பிடித்துக் காயவைத்து வறுத்த ஈசல் ஒரு டப்பா நிறைய அடுக்களையில் இருந்தது.

அவர் ஒரு கிண்ணத்தை முடித்தார். இன்னொன்று கேட்டார். "சம்பந்தியம்மா, இந்த மொறுமொறுப்பு சாத்தூர்ச் சேவுக்குக்கூட வராது, இது எந்தக் கடையில் கிடைக்கிறது?" என்று என்னைக் கேட்டபோது, சுவரிலிருந்த பல்லி சரியாக ஒருமுறை கத்தியது. நல்ல சகுனம் என்று அவரே சொன்னார். அந்தப் பல்லியும் அப்போது குழல்விளக்கைச் சுற்றிய ஈசலைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தது. உண்மையில் அந்தத் திண்ணையில் இருவரும் ஒரே விருந்தில்தான் இருந்தார்கள்.

நாத்தனாரை அடுக்களைக்குள் இழுத்துவந்து கேட்டேன். அவள் அசரவில்லை. "ஈசலில் கறி எங்கே இருக்கிறது, ரத்தம் எங்கே இருக்கிறது? மழைக்கு மண்ணில் முளைப்பது அது. அதே புற்றில் முளைக்கும் காளானைப் பெருமாள் கோயில் பட்டர் வீட்டிலேயே தின்கிறார்கள்" என்றாள். பட்டர் வீட்டுச் செய்தி அவளுடைய கற்பனை, அதை விட்டுவிடு. ஆனால் காளானைப் பற்றி அவள் சொன்னதில் அவளுக்கே தெரியாத ஒரு நியாயம் இருக்கிறது. ஈசல் என்பது மழைக்கு இறகு முளைத்துப் பறக்கும் கரையான்தான். மழைக்குப் பிறகு புற்றோரத்தில் குடை விரிக்கும் காளானும் தற்செயலாக முளைப்பதில்லை. புற்றுக்குள் கரையான்கள் சருகையும் மரத்துகளையும் மென்று மெத்தைபோலப் பரப்பி, அதில் ஒரு பூஞ்சையை வளர்த்து, அதைத் தின்றுதான் பிழைக்கின்றன. அந்தப் பூஞ்சைதான் வெளியே காளானாகத் தலைநீட்டுகிறது. விளைத்தவன் பயிரை நாம் சைவம் என்று தின்கிறோம், விளைத்தவனையே தின்றால் மட்டும் அசைவமாகிவிடுகிறது.

எனக்கு இந்தத் தின்பண்டத்தின் மேல் இருக்கும் பித்து உனக்குத் தெரியாததில்லை. இருட்டும் நேரத்தில் புற்றின் வாயருகே குழி வெட்டி, வாயகன்ற பானையை இறக்கி, அரிக்கேன் விளக்கை வைத்துவிட்டு, கோணிச் சாக்கைப் போர்த்தி நாம் காத்திருந்தது நினைவிருக்கிறதா? உன் பாவாடையைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. மறுநாள் வெயிலில் காயவைத்துச் சொளகில் புடைத்தால், இறகுகள் எழுந்து முற்றமெல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால், நரம்பு தெரியும் அந்த நான்கு இறகுகளும் ஏறக்குறைய ஒரே நீளமாக இருக்கும். பிறகு மண்சட்டியில் எண்ணெய் விடாமல் கொட்டி, கை ஓயாமல் புரட்ட வேண்டும். முதலில் பச்சை மண் வாடைதான் வரும். அது அடங்கி, உடம்பிலுள்ள கொழுப்பு இளகிச் சட்டி மினுங்கத் தொடங்கும்போது, வறுகடலையின் மணம் தெருமுனை வரைக்கும் போகும். அந்த நேரத்தில் உப்புத் தண்ணீர் தெளித்து இறக்கிவிட வேண்டும். ஒரு நிமிடம் தவறினாலும் கசந்துவிடும். வறுத்த அரிசியோடு கலந்து, கடிக்க ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுத்துவிட்டு, வயிறு கடுக்கும் என்று அப்பத்தா கையளவுக்கு மேல் தரமாட்டாள். நீ மட்டும் எப்படியோ இரண்டு கை வாங்கிவிடுவாய்.

இதையெல்லாம் பட்டிக்காட்டுத் தீனி என்று திலகம் முகம் சுளிக்கிறாள். இது பறம்பு நாட்டுத் தீனி என்று நான் அவளுக்குச் சொன்னேன். பிரான்மலைக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டு இதற்கு வெட்கப்படுவதா? பாரி இறந்த பிறகு அவன் நாட்டை நினைத்துக் கபிலர் பாடிய 119-ஆம் புறநானூற்றுப் பாட்டில், மழை பெய்த இனிய காலத்தில், செம்புற்றிலிருந்து வந்த ஈயலை, அதாவது நம் ஈசலை, மோரில் இட்டுச் சமைத்த புளிப்பும் தினை விளைச்சலும்தான் அந்த நாட்டின் வளமாக வருகின்றன. அகநானூறு 394-இல் இன்னும் விரிவாக இருக்கிறது: ஆட்டுத் தயிர், குற்றிய வரகரிசி, ஈரப் புற்றின் ஈயல் எல்லாம் சேர்த்து ஆக்கிய புளிப்பான சுடுசோறு, அதன் மேல் உருகும் பசு வெண்ணெய். பொடிமட்டை அய்யா பாரியைப் பற்றிப் பாடம் எடுத்தபோதெல்லாம் முல்லைக்குத் தேர் கொடுத்ததோடு நிறுத்திவிட்டார். சாப்பாட்டையும் சொல்லியிருந்தால் நீ தமிழில் இன்னும் நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பாய்.

பாம்புப் புற்றில் கைவைத்ததற்காக உன் அம்மா நம்மை அடித்ததை எண்ணிப் பார்க்கிறேன். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்பது வெறும் பழமொழியல்ல. உள்ளே வெப்பம் ஏறாமல் குளுமையாக இருப்பதால் கைவிட்ட புற்றுகளில் பாம்புகள் தங்கத்தான் செய்கின்றன. ஆனால் செவ்வாய், வெள்ளியில் நாம் ஊற்றும் பாலால் அதற்கு ஒரு பயனும் இல்லை; பாம்புக்குப் பால் செரிக்காது. தாகத்தால் தவித்தால் மட்டுமே எதையாவது குடித்துவைக்கும். நாகரத்தினத்தைப் பற்றி நீ சொன்ன கதையை இங்கே எழுதினால் அத்தான் கடிதத்தைப் படித்துவிடுவார் என்பதால் எழுதவில்லை.

புற்றின் உண்மையான விருந்தாளி கரடிதான். நம் நாட்டுக் கரடிக்கு மேல்வரிசையின் நடுவில் இரண்டு வெட்டுப்பற்கள் கிடையாது. நீண்ட நகத்தால் புற்றைப் பிளந்து, மண்ணை ஊதித் தள்ளி, மூக்குத் துவாரங்களை மூடிக்கொண்டு, அந்தப் பல் இடைவெளி வழியாகக் கரையானை உறிஞ்சி இழுத்துவிடும். பலாவையும் விளாம்பழத்தையும் தேனடையையும் தின்ற தாய்க்கரடி, அரைகுறையாகச் செரித்ததைக் கக்கிக் காயவைத்துக் குட்டிகளுக்கு ரொட்டிபோலக் கொடுக்கும் என்றும், அந்தக் கரடி ரொட்டியை மனிதர்கள் தேடிப்போய் எடுத்துத் தின்பார்கள் என்றும் ஒரு காட்டுக் கதை உண்டு. கேட்டதும் திலகம் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள். தேனீ கொண்டுவந்து கக்கியதை மட்டும் தேன் என்று நக்கிச் சாப்பிடுவாள்.

அங்கிருந்துதான் வழக்கு சூடுபிடித்தது. இவர் தீவிரமாகச் சம்பந்தி பக்கம் பேசுகிறார். விரதத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் கொடுத்தது தவறு, போய்ச் சொல்லிவிடுவதே மரியாதை என்கிறார். நாத்தனார் அத்திப்பழத்தைக் கையில் எடுத்துவிட்டாள். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று ஊரே சொல்கிறது, அதை விரதக்காரர் தின்னவில்லையா என்று கேட்கிறாள். குளவி உள்ளே புகுந்து முட்டையிடாவிட்டால் நாட்டு அத்தியில் விதையே பிடிக்காது என்பது உண்மைதான். நான் என் பங்குக்கு மிட்டாயைச் சொன்னேன். சில மிட்டாய்களின் மேல் மினுமினுக்கும் பூச்சு, மரக்கிளையில் ஒட்டி வாழும் அரக்குப் பூச்சி சுரந்த அரக்கு. சில பண்டங்களில் வரும் சிவப்பு நிறம், கள்ளிச் செடியில் வாழும் பூச்சியை உலர்த்தி எடுத்த சாயம். சைவம் என்பது சட்டியில் இல்லை, நமக்குத் தெரிந்தவரையில்தான் என்று நான் சொன்னதும் இவர் செய்தித்தாளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2013-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1,900-க்கும் மேற்பட்ட பூச்சி வகைகளை மனிதர்கள் உண்கிறார்கள். குறைந்தது 200 கோடிப் பேருடைய வழக்கமான உணவில் பூச்சி இருக்கிறது என்றும் அது மதிப்பிட்டது. உகாண்டாவிலும் கென்யாவிலும் மழைக்காலத்தில் ஈசலைச் சந்தையில் அளந்து விற்கிறார்கள். ஒடிசாவில் மயூர்பஞ்ச் மக்கள் மரத்தில் இலைக்கூடு கட்டும் செவ்வெறும்பை உப்பும் மிளகாயும் இஞ்சியும் பூண்டும் வைத்து அரைக்கும் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. இதை உனக்காகவே எழுதுகிறேன். 2020-இல் கடலை மிட்டாய்க்கு அந்தக் குறியீடு வந்ததிலிருந்து கோவில்பட்டிக்காரர்கள் பேச்சு தாங்க முடியவில்லை. இனிமேல் நீ பெருமை பேசும்போதெல்லாம், உங்கள் மிட்டாயும் எறும்புச் சட்னியும் ஒரே பட்டியலில்தான் இருக்கின்றன என்பதை மறவாதே.

இன்னொரு செய்தியை இவரிடமிருந்தும் மறைத்து வைத்திருக்கிறேன். கரையான் எறும்பின் உறவு என்றுதானே நமக்குச் சொன்னார்கள்? மரபணுவை ஒப்பிட்டு 2007-இல் வெளியான ஆய்வு, அது கரப்பான்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று நிலைநாட்டிவிட்டது. சம்பந்தி காதுக்கு இது மட்டும் போய்ச் சேர்ந்தால் திலகம் பொங்கலுக்கு இங்கே வரமுடியாது.

விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன், எனக்கு மனம் சரியாக இல்லை. அவர் நல்ல மனிதர். பெண் வீட்டில் சாப்பிட்டதைப் பற்றி இதுவரை ஒரு குறை சொன்னதில்லை. ஒருவர் தானாக எடுத்துக்கொண்ட விரதத்தை நாம் வாதத்தால் இல்லையென்று ஆக்கிவிட முடியாது. அத்தி, தேன், அரக்கு என்று நாங்கள் அடுக்கியதெல்லாம் எங்கள் சமாதானமே தவிர அவருக்கான பதில் அல்ல. புரட்டாசி முடிந்ததும் நானே சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். மாதம் முடியும் முன்பு சொன்னால் அவர் பரிகாரம் தேடி அலைவார். முடிந்த பிறகு சொன்னால் ஒருவேளை சிரித்துவிடுவார். ஆனால் திலகம், "அம்மா, எந்த மாதத்திலும் சொல்லாதே" என்று தொலைபேசியில் அழுகிறாள்.

இதற்கு நடுவில் அவர் நேற்றும் அழைத்தார். அந்தப் பொரியில் இரண்டு கிலோ வேண்டுமாம், நவராத்திரிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டுமாம். ராஜாத்தி, கொலுப்படிக்கு முன்னால் சென்னை மாமிகளுக்கு ஈசல் விநியோகம்! பருவம் முடிந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். மழைக்கு விளையும் பண்டமா என்று வியந்துபோய், அடுத்த மழைக்கு மறக்காமல் சொல்லுங்கள் என்கிறார்.

ஆகையால் நீ இரண்டு காரியம் செய்ய வேண்டும். சொல்வதா வேண்டாமா, சொன்னால் எப்போது என்பதை அத்தானிடம் கலந்துகொள்ளாமல் நீயே தீர்மானித்து உடனே எழுது. அதற்குள் கடலை மிட்டாய் இரண்டு கிலோவும், சாத்தூர்ச் சேவில் பூண்டு போட்டது ஒரு கிலோவும் நவராத்திரிக்கு முன்பே கிடைக்கும்படி அவர் முகவரிக்கு என் பெயரில் பார்சல் போட்டுவிடு. முகவரியை மறுபக்கத்தில் எழுதியிருக்கிறேன். பணத்தை நேரில் தருகிறேன். நம் அடுக்களை டப்பாவில் இன்னும் ஒரு கிண்ணம் மிச்சம் இருக்கிறது. நாத்தனார் கண்ணில் படாமல் உனக்காக ஒளித்து வைத்திருக்கிறேன், ஐப்பசிக்குள் வந்து சேர்.

உன்,
பேச்சி