பரிசல்காரன்

அன்புள்ள சரவணா,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "இருபது வருஷமா கேமுக்குக் கதை எழுதிட்டு இப்ப ஏம்மா விட்டே, என் காலேஜ் ஃபீஸ்தான் காரணமா?" என்றாய். இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். எழுதினால்தான் எனக்கு நிதானமாக வரும். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் நீ படித்த தமிழ் இதற்குப் போதும். புரியாத இடத்தில் கூப்பிடு.

ஃபீஸ் காரணம் இல்லை. அதை முதலில் மனசிலிருந்து எடுத்துவிடு.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது, 2003ல், ஜென் கான் என்ற மேஜை விளையாட்டுத் திருவிழா மில்வாக்கியை விட்டு நம் இண்டியானாபொலிஸுக்கு வந்தது. அந்தக் கோடையில் வேடிக்கை பார்க்கப் போனேன். ஒரு மேஜை, ஆறு பேர், நடுவில் பகடைகள். ஒருவர் கதை சொல்கிறார், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் இறங்கி நடக்கிறார்கள். எனக்கு அப்பாயி வீட்டுத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. அப்பாயி கதை சொல்லும்போது நாங்கள் குறுக்கே புகுந்து, "அவன் அந்தப் பக்கம் போகக் கூடாது" என்று கத்துவோம். அதுவும் சிரித்துக்கொண்டே கதையைத் திருப்பிவிடும். இதை எழுதுவதே ஒரு வேலை என்று தெரிந்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அடுத்த வருஷமே ஒரு சின்ன வெளியீட்டாளர் என்னை அப்படி ஒரு ஆட்டத்தின் துணைப் புத்தகத்துக்கு எழுதச் சொன்னார்.

அதில்தான் பரிசல்காரனை எழுதினேன். அப்பாயி சொன்ன கதை அது. ஆடி வெள்ளத்தில் கொள்ளிடக் கரைக்கு ஒரு பரிசல்காரன் வருவான். கூலியாகக் காசு வாங்க மாட்டான். "கரையில் விட்டுவந்தவர்களில் ஒரு பெயரைச் சொல்" என்பான். சொன்னால் அக்கரை சேர்ப்பான். ஆனால் அந்தப் பெயரும் அதற்கு உரிய முகமும் உனக்கு மறந்துபோகும். அப்பாயி இந்த இடத்தில் நிறுத்திவிட்டு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்கும்.

நான் அதை ஆட்டமாக்கினேன். ஆற்றைக் கடக்க வேண்டுமென்றால் ஆடுபவர் தன் கேரக்டர் ஷீட்டில், அதாவது தன் பாத்திரத்தின் விவரத்தாளில், எழுதியிருக்கும் ஒரு பெயரைத் தானே பேனாவால் அடிக்க வேண்டும். பகடை கிடையாது, தப்ப வழி கிடையாது. புத்தகம் வெளிவந்த பிறகு ஒரு ஜென் கானில் நானே கதை சொல்லும் கேம் மாஸ்டராக உட்கார்ந்து அதை நடத்தினேன். ஐம்பது வயதிருக்கும், தாடி வைத்த ஒருவர் எதிரில் இருந்தார். அவருடைய கேரக்டருக்கு ஒரு மகள். மற்ற பெயர்களையெல்லாம் ஏற்கெனவே இழந்திருந்தார். பேனாவைத் தாளில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கடைசியில் பேனாவை மூடிவிட்டு, "நான் இக்கரையிலேயே இருந்துவிடுகிறேன்" என்றார். மேஜையில் யாரும் பேசவில்லை. என் எழுத்து இன்னொரு மனிதரை என் கண்ணெதிரே தொட்டதைப் பார்த்தேன். நாவல் எழுதுகிறவருக்குக்கூட அது லேசில் கிடைக்காது. இந்தத் தொழிலில் நான் இருபது வருஷம் இருந்தது அந்த மாதிரிக் கணங்களுக்காகத்தான்.

சரி, பணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த அத்தியாயம் 6,000 வார்த்தை. வார்த்தைக்கு 4 சென்ட், ஆக 240 டாலர். அதுவும் புத்தகம் அச்சாகி வந்த பிறகுதான். வருவதற்குப் பதினாலு மாதம் ஆனது. கடைசியாக எனக்குக் கிடைத்த ரேட் 6 சென்ட். அமெரிக்காவில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் சிறுகதைக்கே 8 சென்ட்டைத்தான் தொழில்முறை விலையாக வைத்திருக்கிறது. வெளியீட்டாளர்கள் எல்லாரும் பேராசைக்காரர்கள் என்று நினைக்காதே. விநியோகஸ்தருக்கும் கடைக்கும் போக, அட்டை விலையில் பாதிகூட அவர்கள் கைக்கு வராது. அதிலிருந்துதான் ஓவியருக்கும் அச்சகத்துக்கும் கொடுக்க வேண்டும். அது தெரிந்ததால் குறைந்த கூலியோடு என்னால் ஒத்துப்போக முடிந்தது.

என்னால் ஒத்துப்போக முடியாதது வேறு. நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்கள் அநேகமாக எல்லாமே 'வொர்க் ஃபார் ஹயர்'. அதாவது எழுதி முடித்த நிமிஷத்திலிருந்து எழுத்து அவர்களுடையது. சட்டப்படி ஆசிரியரே அவர்கள்தான். என் பெயர் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும், அவ்வளவுதான். போன வருஷம் பரிசல்காரனை வைத்து ஒரு குறுநாவல் எழுத ஆசைப்பட்டேன். அந்த நிறுவனம் இதற்குள் இரண்டு கை மாறிவிட்டது. என்னைத் தெரிந்த எடிட்டரும் அங்கே இல்லை. அனுமதி கேட்டு எழுதினேன். மூன்று வரியில் பதில் வந்தது. அந்தப் பாத்திரம் அவர்கள் சொத்து, பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டும் என்று. அப்பாயியின் கதையை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் நான் அவனுக்கு வைத்த பெயர், நான் கொடுத்த உருவம், பேச்சு எல்லாம் அவர்களுடையது. அவர்கள்மேல் தப்பில்லை, கையெழுத்து என்னுடையது. அந்தக் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் முன்னோடியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974ல் வந்தது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவ் ஆர்னெசன் ராயல்டிக்காக 1979ல் வழக்குப் போட வேண்டியிருந்தது. இன்னொருவரான கேரி கைகாக்ஸ், அதை வெளியிட்ட, தானே தொடங்கிய டிஎஸ்ஆர் நிறுவனம் 1985ல் கைவிட்டுப் போய், அடுத்த வருஷம் வெளியேறினார்.

2023 ஜனவரி உனக்கு ஞாபகம் இருக்கும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வைத்திருக்கும் நிறுவனத்தார், அதன் விதிகளை மற்றவர்களும் பயன்படுத்த 2000ல் கொடுத்த திறந்த உரிமத்தை மாற்றப் போகிறார்கள், அப்படிப் பயன்படுத்தும் வெளியீட்டாளரின் வருஷ வருமானம் 7,50,000 டாலரைத் தாண்டினால் அதற்கு மேல் 25 சதவீதம் வரை கேட்பார்கள் என்று வரைவு கசிந்தது. ஊரே கொதித்தது. அந்த மாதம் முடிவதற்குள் பின்வாங்கி, அடிப்படை விதிகளை யாரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போட்டுவிட்டார்கள். நானும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அதற்காக எழுதினேன், ஜெயித்தபோது அழுதேன். பிப்ரவரியில் ஒரு புது வேலைக்கு ஒப்பந்தம் வந்தது. 'உங்கள் உழைப்பு உங்களுக்கே' என்று எங்களோடு நின்ற ஒரு வெளியீட்டாளரிடமிருந்துதான். பிரித்தேன். நாலாவது பத்தியில் அதே வொர்க் ஃபார் ஹயர். அதை மாற்ற முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள். உன் ஃபீஸுக்குப் பணம் தேவைப்பட்ட நேரம், கையெழுத்துப் போட்டேன். பார், ஃபீஸ் என்னை அங்கே இன்னும் கொஞ்ச நாள் இருக்கத்தான் வைத்தது, விடவைக்கவில்லை.

இப்போது காலையில் ஆஸ்பத்திரிக்குக் கையேடு எழுதும் வேலை. அதையும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும், எனக்கு வருத்தமில்லை. அதில் அப்பாயி இல்லை. ராத்திரி தமிழில் எழுதுகிறேன். பரிசல்காரனுக்கு இப்போது வேறு பெயர், வேறு உருவம். ஆறு மட்டும் அதே கொள்ளிடம். அப்பாயி கதையை நிறுத்தும் அந்த இடத்தில்தான் ஒரு வாரமாக நிற்கிறேன்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு வரும்போது உன் பச்சைப் பகடைப் பையை எடுத்து வா. மூணு பேர் போதும் ஆட. எதிர்வீட்டுப் பையனையும் கூப்பிட்டிருக்கிறேன். ரசப்பொடி அரைத்து வைத்திருக்கிறேன், மறக்காமல் டப்பா கொண்டு வா.

அன்புடன்,
அம்மா