கடல்பாசி, கறுப்புச் சேறு, அத்தாவின் சட்டை

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள நூருக்கு,

நலம்தானே? பத்து நாளாக வேலூரில்தான் இருக்கிறேன். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள், நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் அம்மா என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "இன்னாடி இப்படி கறுத்துப் போயிட்டே". புரை வழியாகப் பார்த்த மகள் கொஞ்சம் நிறமாக இருந்தாள் போலிருக்கிறது. இரண்டு மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட வேண்டும், கத்திரி முடிந்தும் வெயில் இறங்கவில்லை, மதியம் வெளியே தலைகாட்ட முடியாது, அதனால்தான் இத்தனை வருஷம் கழித்து உனக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். சந்தையில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கிடைத்தது, ஆசையில் இரண்டு கிலோ வாங்கிவிட்டு மூன்று நாளாக அதையேதான் சாப்பிடுகிறோம்.

போன மாதம் போனில் ஒரு கேள்வி கேட்டாயே, "கண்ணுக்கே தெரியாத ஒண்ண வச்சிக்கிட்டு இருபது வருஷமா அப்படி என்னதான்டி பண்றே?" என்று. அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன், பஸ்ஸில் இருந்தேன். இப்போது சொல்கிறேன், உன் வீட்டு அடுப்படியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நோன்பு மாதத்தில் உன் அம்மா கடல்பாசி காய்ச்சி, பால் விட்டு, ரோஸ் கலரில் தட்டில் ஊற்றி, ஆறினதும் வைர வடிவத்தில் வெட்டித் தருவார்களே, அந்தப் பொருள்தான் எங்கள் தொழிலுக்கே அடிப்படை. ராமநாதபுரம் பக்கத்துக் கடலில் பெண்கள் மூழ்கி மூழ்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி இவற்றைக் காய்ச்சினால் வருவது. நாங்கள் அதற்கு அகர் என்று பேர் வைத்து, வட்டத் தட்டில் ஊற்றி, அதன் மேல் பாக்டீரியா வளர்க்கிறோம். இதுவும் ஒரு சமையல்கட்டில் இருந்துதான் லேபுக்கு வந்தது. 1881இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸே, ஜெலட்டின் மேல் கிருமி வளர்த்துக்கொண்டிருந்தார், கோடையில் அது உருகி ஓடியது. அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, வீட்டில் ஜெல்லி செய்யத் தான் அகர் போடுவதைச் சொல்லி, அதை வைத்துப் பார்க்கச் சொன்னார். அந்த ஊர்க் கோடைக்கே உருகினால் நம்ம ஊருக்கு ஜெலட்டின் என்ன கதி ஆகியிருக்கும் யோசி. கோக் அந்த அம்மாவின் பேரை எங்கேயும் எழுதவில்லை. எனக்கு அதில் இன்னும் கோபம் உண்டு.

சரி, தட்டில் வளர்கிறது என்றேன், ஆனால் கடல் விஷயத்தில் அதுதான் பெரிய ஏமாற்று. ஒரு மில்லி லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 10 லட்சம் பாக்டீரியா இருக்கும், வைரஸ் அதைப்போல பத்து மடங்கு. நீரை மிக மெல்லிய துளை உள்ள ஃபில்டரில் வடிகட்டி, ஒளிரும் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சின்ன வயதில் உன் வீட்டு மொட்டை மாடியில் படுத்துப் பார்த்த வானம் மாதிரி இருக்கும், பச்சையாக. அதே நீரைத் தட்டில் தடவினால் நூற்றில் ஒன்று வளர்ந்தால் அதிகம். மற்றதெல்லாம் பட்டினி கிடந்து பழகியது நூரு, நாங்கள் வைக்கிற விருந்து அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. சார்11 என்று ஒரு கூட்டம் உண்டு, மேல்மட்டக் கடல்நீரில் உள்ள செல்களில் மூன்றில் ஒரு பங்கு வரை அதுதான். 1990இல் அதன் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள், ஆனால் உயிரோடு வளர்த்துக் காட்ட 2002 ஆகிவிட்டது, அதுவும் எப்படி, சத்து அனேகமாக எதுவும் சேர்க்காமல் கடல்நீரிலேயே, நீர்க்க நீர்க்க விட்டு. பன்னிரண்டு வருஷம் போனது, சாப்பாட்டைக் குறைக்கத் தோன்றாததால். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த என் பெரியம்மாவைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, பந்தியில் உட்காரமாட்டேன், ஒரு டம்ளர் மோர் போதும் என்று ஓரமாக நின்றாளே, அந்த ரகம்.

ஆனால் என் சொந்த வேலை நடுக்கடலில் கிடையாது. பிச்சாவரத்துச் சேற்றில். சுரபுன்னை, வெண்கண்டல் என்கிற அலையாத்தி மரங்கள் நிற்கிற இடத்தில், நீர் வற்றுகிற நேரம் பார்த்துத் தோணியில் போய், பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் அழுத்தி அப்படியே உருவி எடுக்க வேண்டும். மேலே சில மில்லிமீட்டர் பழுப்பு, அதற்குக் கீழே கன்னங்கரேல் என்று கறுப்பு. அந்தப் பழுப்பு வரைக்கும்தான் ஆக்சிஜன். கீழே இருக்கிற பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் கடல்நீரில் கரைந்திருக்கிற சல்பேட்டை வைத்து மூச்சு விடுகின்றன, ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்பேட் உண்டு, அதனால் அவற்றுக்குக் குறையே இல்லை. அவை வெளியே விடுவது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகின முட்டை வாடை. உதிர்கிற இலையும் செத்த வேரும் அந்தச் சேற்றில் மக்க நாள் பிடிக்கும், அதனால் கார்பன் நூற்றாண்டுக்கணக்கில் உள்ளேயே தங்கிவிடுகிறது. அலையாத்திக் காட்டைக் காப்பாற்றுங்கள் என்று எல்லோரும் மரத்தைக் காட்டிப் பேசுகிறார்கள், கணக்கு முக்கால்வாசி சேற்றில் இருக்கிறது.

இந்த வாடையைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டும், இவ்வளவு நேரம் சுற்றி வந்ததே அதற்குத்தான்.

முதல் தடவை அந்தக் குழாயை உருவினபோது தோணியில் இருந்த மற்ற ரெண்டு பேரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு விஷாரத்தில் உன் வீட்டு வாசல் ஞாபகம் வந்தது. அத்தா தோல் தொழிற்சாலையிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றிக் கொல்லைப்புறம் கொடியில் தனியாகப் போடுவாரே, அதே வாடை. மயிர் நீக்க சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போட்டு ஊறவைக்கிறார்கள், அந்தத் தண்ணீர் அமிலத்தோடு எங்கேயாவது சேர்ந்தால் இதே வாயு கிளம்பும், கழிவு தேங்கின குழியில் என் பிச்சாவரத்து பாக்டீரியாக்களின் சொந்தக்காரர்களே உட்கார்ந்து அதைத் தயாரிக்கவும் செய்வார்கள். ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள் உன் வீட்டுக்குள் நுழைகிறபோது நான் தாவணி முனையை மூக்கில் வைத்தேன். நீ பார்த்தாய். ஒன்றும் சொல்லவில்லை, அதற்கப்புறம் ரெண்டு மாதம் என்னை வீட்டுக்குக் கூப்பிடவும் இல்லை. நான் மறக்கவில்லை, நீயும் மறந்திருக்க மாட்டாய். இப்போது நான் களத்திலிருந்து வந்தால் என் வீட்டுக்காரர் வாசலிலேயே நிறுத்தி, துணியைப் பக்கெட்டில் போட்டுவிட்டு உள்ளே வா என்கிறார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா" என்று அத்தா சொல்வார். பழக்கத்தில் மூக்கு மரத்துப்போயிருக்கும். ஆனால் இந்த வாயு அளவு மீறினால் பழக்கமே தேவையில்லை, வாசனை அறிகிற நரம்பையே அது முடக்கிவிடும், வாடை நின்றுவிட்டதே என்று குழிக்குள் இறங்குகிறவர் திரும்பி வருவதில்லை. மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர் முகம்தான் வரும், பெயர் சொல்லாமல் சொல்வேன்.

அத்தாவின் அத்தா காலத்தில் தோல் பதனிட ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான் என்று சொல்வாரில்லையா, அப்புறம் குரோமியம் வந்தது, வேலை சீக்கிரம் முடிந்தது. அந்தத் தண்ணீர் பாலாற்றுக்குப் போனது, வழக்கு நடந்தது, 1996இல் சுப்ரீம் கோர்ட் மாசுபடுத்தினவரே காசு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது, இன்றைக்கும் நாடு முழுக்கச் சட்டப் பாடத்தில் நம்ம வேலூர் பேரில்தான் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். இங்கே வந்ததிலிருந்து மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள், பாக்டீரியாவை விட்டால் குரோமியத்தைத் தின்றுவிடுமாமே, பேப்பரில் போட்டிருந்தானே என்று. எனக்கு எரிச்சலாக வருகிறது. உலோகத்தை எதுவும் தின்று தீர்க்க முடியாது. சில பாக்டீரியா விஷம் அதிகமான ஆறாம் நிலைக் குரோமியத்தை, விஷம் குறைந்த, சேற்றோடு ஒட்டிக்கொள்கிற மூன்றாம் நிலையாக மாற்றும், அது உண்மை, நல்ல விஷயமும்தான். ஆனால் அது அங்கேயேதான் இருக்கும், மண்ணின் வேதியியல் மாறினால் திரும்பவும் கிளம்பலாம். இன்னொன்று, தோல் கெடாமல் இருக்கத் தடவுகிற உப்பு கடைசியில் தண்ணீருக்குத்தானே வந்து சேர்கிறது, அதை எந்த பாக்டீரியாவும் எதுவாகவும் மாற்றாது. கடலே இல்லாத ஊரில் கிணறு உப்புக் கரிக்கிறது என்றால் அதற்குக் கிருமியிடம் வைத்தியம் இல்லை.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பாலாற்றுப் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன். நீரில்லாத ஆறு, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று நம்மூரைக் கிண்டல் பண்ணுவார்களே, 1981இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்து ஒன்றைத் தீர்த்துவைத்தார், ராஜா இனி வரப்போவதில்லை, ஆறுதான் எப்போதாவது எட்டிப் பார்க்கிறது. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதே, அப்போது நான் சிதம்பரம் பக்கம் எங்கள் ஊர் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன், கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வாயலூரில் பாலாறு கடலில் விழுகிற இடத்துக்கு ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு ஓட முடியவில்லை. இன்னும் வயிறு எரிகிறது. நந்தி மலையிலிருந்து 348 கிலோமீட்டர் வந்த தண்ணீர், பாறையைக் கரைத்து எடுத்துவருகிற சிலிக்கா அதில் இருக்கும், டயாட்டம் என்கிற நுண்பாசிகள் அதை வைத்துத்தான் தங்களுக்குக் கண்ணாடி ஓடு கட்டிக்கொள்கின்றன, அந்த டயாட்டத்தைத் தின்றுதான் மீன் குஞ்சுக்கு இரையாகிற சின்னப் பூச்சிகள் வளர்கின்றன. இங்கே ஆறு வறண்டால் அங்கே வலையில் என்ன குறைகிறது என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். எனக்குப் பார்க்க ஆசை.

ஆனால் பணம் கேட்டு எழுதுவதற்கு முன்னால் பழைய கணக்கை முடிக்க வேண்டும். பொங்கல் லீவில் மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர் நின்றுபோய் எட்டு மாதச் சேறு உருகிவிட்டது. அலாரம் அடித்திருக்கிறது, வாட்ச்மேனிடம் என் நம்பரைக் கொடுக்காமல் ஊருக்குப் போனது நான். மூன்றாம் வருஷ மாணவி ஒருத்தியின் பாதி வேலை அதில் இருந்தது. அவள் அழவில்லை, நான்தான் அழுதேன், அவள் எனக்கு டீ வாங்கி வந்தாள். திரும்ப எடுக்க ஆரம்பித்திருக்கிறோம், மாதம் ஒரு தடவை.

அத்தாவுக்கு இப்போது மூச்சுத் திணறல் எப்படி இருக்கிறது? நீ திருச்சிக்கு அழைத்துக்கொண்டு போனது நல்லதுதான், ஆனால் விஷாரத்தை விட்டு எப்படி இருக்கிறார் என்றே தெரியவில்லை. உன் பையன் ப்ளஸ் டூவில் என்ன குரூப் எடுத்தான் என்று சொல்லவே இல்லை. திருச்சியிலிருந்து சிதம்பரத்துக்கு ரயில் இருக்கிறது, ஜனவரியில் மழை விட்டதும் அவனையும் கூட்டிக்கொண்டு வா. தோணியில் போகலாம், இறால் வாங்கிச் சமைக்கலாம். குழாயை உருவும்போது நீ மூக்கைப் பொத்திக்கொள்ளலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

அம்மா கூப்பிடுகிறாள், நாலு மணி சொட்டு.

அன்புடன்,
உன் கலா

முக்கியமானதை விட்டுவிட்டேன். வரும்போது கடல்பாசி காய்ச்சி எடுத்துக்கொண்டு வா, ரோஸ் கலர்தான் வேண்டும். எங்கள் லேபில் இருப்பதைச் சாப்பிட முடியாது.