கம்பத்தில் ஏறுகிறவனுக்கு வெல்டிங் எதற்கு?

ஏற்காடு,
ஐப்பசி 12

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும்தான் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே பத்து நாளாக மழை விடவில்லை. நாகலூர்ப் பக்கம் சில்வர் ஓக் சாய்ந்து லைனில் விழாத நாளே இல்லை. ரிட்டயர் ஆகியும், கரண்ட் போனால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். வயர்மேன் 2 வருடம் முடித்தவன் இன்னும் 1 வருடம் வெல்டர் படிக்க வேண்டுமா, கம்பத்தில் ஏறுகிறவனுக்கு அது எதற்கு என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் படிக்கட்டும்.

கம்பியில் வெல்டிங்குக்கு வேலை இல்லை என்பது உண்மைதான். ஏ.சி.எஸ்.ஆர். கம்பி, அதாவது நடுவில் எஃகும் சுற்றிலும் அலுமினியமும் உள்ள லைன் கம்பி, அறுந்தால் ஸ்லீவ் என்கிற உலோகக் குழாயைப் போட்டு அமுக்கித்தான் இணைப்போம். சூடு காட்டினால் அலுமினியம் இளகிவிடும், இழுவை தாங்காது. ஆனால் அந்தக் கம்பியைச் சுமப்பதெல்லாம் இரும்பு. கம்பத்தின் குறுக்கே நிற்கும் கிராஸ் ஆர்ம், கிளாம்ப், டிரான்ஸ்பார்மர் ஸ்ட்ரக்சர், மண்ணுக்குள் இறங்கும் எர்த் பட்டை வரைக்கும்.

உனக்குச் சொன்னேனா தெரியவில்லை. ஒரு சித்திரையில், கோடை இடி அடித்துக் கொட்டச்சேடு பக்கம் ஒரு டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. இடிதாங்கி புதுசு. ஆனால் இடியை மண்ணுக்குள் இறக்குகிற எர்த்தின் தடையை எர்த் டெஸ்டர் வைத்துப் பார்த்தால், 5 ஓமுக்குள் இருக்க வேண்டியது 40ஐத் தாண்டி நிற்கிறது. பாறை மண், அப்படித்தான் காட்டும் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. லைனை நிறுத்தி வேலை செய்ய அனுமதி, அதாவது எல்.சி., வாங்கிவிட்டுத் தோண்டினோம். எர்த் பட்டை மண்ணில் புதைத்த பைப்போடு சேருகிற இடத்தில், மேலே பார்த்தால் குறையே தெரியாத வெல்டு. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். தேங்காய் ஓடு மாதிரி பெயர்ந்து விழுந்தது. உள்ளே கசடும் துருவும். ஒரே பக்கம் பொட்டு வைத்த மாதிரி டேக் வெல்டு அடித்து, கசடைக்கூடத் தட்டாமல் மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள். பளிச்சென்று தெரியும்வரை இரும்பைத் தேய்த்து, சுற்றிலும் வெல்டு ஓட்டி, தார் பூசி மூடினேன். 6 ஓம் வந்தது. பக்கத்தில் இன்னொரு எர்த் குழி போட்டுச் சேர்த்ததும் 4. மண் அதே மண்தான் முருகேசா.

அன்று என்னோடு வந்தவர்கள் யாரும் வேலையில் சோடை இல்லை. ஆனால் அடுத்தவன் வைத்த வெல்டைப் பார்த்து நம்பலாமா கூடாதா என்று சொல்ல, தானே வெல்டிங் ராடு பிடித்த கை வேண்டும். காண்ட்ராக்ட் வேலைக்குப் போனாலும் சரி, மின் வாரியத்தில் சேர்ந்தாலும் சரி, பையனுக்கு அந்தக் கண் வரவேண்டும் என்றுதான் எனக்கு ஆசை.

ஒன்றை மட்டும் முதல் நாளே அவன் காதில் போட்டுவிடு. ஜி.ஐ. இரும்பின் துத்தநாகப் பூச்சு மேலேயே வெல்டு அடிக்கக் கூடாது. துத்தநாகப் புகையை இழுத்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்கக் குளிர்காய்ச்சலில் நடுங்கிக் கிடந்திருக்கிறேன். வெல்லம் தின்றால் முறிந்துவிடும் என்பார்கள், அதை நம்ப வேண்டாம். பூச்சை அரைத்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் அடித்து, கடைசியில் துத்தநாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

மழை விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை மேலே அனுப்பு. தெரிந்தவர் பட்டறை இருக்கிறது, நான் பக்கத்தில் நின்று ராடு பிடிக்கச் சொல்லித் தருகிறேன். முழுக்கைக் காட்டன் சட்டை போட்டு வரச் சொல். நைலான் கலந்தது வேண்டாம், பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

அன்புடன்,
ராமசாமி