கொல்லிமலைக்குப் போகும் பழைய வண்டிக்கு எந்த வீல்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய எஸ்.யூ.வி. வண்டிகளுக்கு அலாய் (அலுமினியக் கலவை) வீலும் அகல டயரும் போட்டுப் புதுசாக்குவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பக்கத்தைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் வண்டி எந்த ரோட்டில் ஓடும், எத்தனை பேர் ஏறுவார்கள், டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதைப் பார்த்துவிட்டு எத்தனை பிள்ளைகள் கடைக்குப் போவார்களோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன். என் மகனும் அப்படித்தான் போனான்.

காரவள்ளி அடிவாரத்தில் எங்கள் வீடு. மலைமேல் சோளக்காடு, செம்மேடு பக்கத்துத் தோட்டங்களில் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்பது எங்கள் தொழில். லோடு பிக்கப்பில் இறங்கிவிடும். நான் தராசையும் சாம்பிள் பைகளையும் வைத்துக்கொண்டு என் போலேரோவில் போய் வருவேன். 2010 மாடல், என் வீட்டுக்காரர் வாங்கியது. அவர் போனபிறகு நானே ஓட்டக் கற்றுக்கொண்டேன். அடிவாரத்திலிருந்து மேலே போக எழுபது கொண்டை ஊசி வளைவு. வாரத்துக்கு மூன்று நாள் ஏறி இறங்குகிறேன்.

2023 ஆடியில் மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்தான். வேலைக்குச் சேர்ந்து முதல் போனஸ் வாங்கியிருந்தான். "அம்மா, அப்பா வண்டிக்கு நான் ஏதாவது செய்யணும்" என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் திரும்பி வந்தபோது பதினேழு இஞ்ச் கறுப்பு அலாய், 265/65 ஆர்17 டயர். வண்டி உயரமாக, அகலமாக நின்றது. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபிறகு நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

போலேரோவுக்குக் கம்பெனி கொடுத்தது 215/75 ஆர்15. அந்த எண்ணில் எல்லாமே இருக்கிறது. 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்றால் பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு. 15 என்பது டயர் ஏறி உட்காரும் டிஸ்க்கின் விட்டம், இஞ்சில். கணக்குப் போட்டால் முழு டயரின் உயரம் சுமார் 703 மி.மீ. வருகிறது. மகன் போட்டுவந்த டயருக்குப் போட்டுப் பாருங்கள், 776 மி.மீ. கிட்டத்தட்டப் பத்து சதவீதம் பெரிசு. ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 66-ல் ஓடிக்கொண்டிருக்கும். இதைச் சொன்ன கடை ஒன்றுகூட இல்லை.

மீட்டர் தப்பாகக் காட்டுவதைவிட மலையில் அதிகமாக உறைப்பது வேறு. சக்கரம் பெரிசானால் எல்லா கியரும் நீண்டுவிடும். என் வண்டி எஞ்சின் 63 குதிரைசக்திதான். முன்பெல்லாம் செகண்ட் கியரில் ஏறிய வளைவுகளில் இப்போது ஃபர்ஸ்ட் கியர் கேட்டது. முப்பதாவது வளைவு தாண்டுவதற்குள் கிளட்ச் வாடை வந்துவிடும். இறங்கும்போது இன்னும் மோசம். பிரேக் அதே பழைய பிரேக்தான், ஆனால் அது பிடித்து நிறுத்த வேண்டிய சக்கரம் பெரிசு, கனமும் அதிகம். வழக்கமாக மிதிக்கும் அளவு போதவில்லை, அழுத்தி மிதிக்க வேண்டியிருந்தது. கியரைக் குறைத்தே இறங்க வேண்டும் என்பது மலையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் கியர் நீண்டுவிட்டால் எஞ்சின் பிடிமானமும் குறைந்துபோகும்.

அப்புறம் உரசல். சமவெளியில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும் சந்தர்ப்பம் குறைவு. கொண்டை ஊசி வளைவில் ஒவ்வொரு தடவையும் ஃபுல் கட் அடிக்க வேண்டும். ஒவ்வொரு ஃபுல் கட்டுக்கும் முன் டயர் மட்கார்டின் உள் ஓரத்தில் 'சர்' என்று தேய்ந்தது. ஒரு மாதத்தில் டயரின் தோளில் கைவிரல் பதியும் அளவுக்குக் கோடு விழுந்துவிட்டது. கடையில் கேட்டதற்கு, "கொஞ்சம் தட்டி விட்டால் சரியாயிடும் அக்கா" என்றார்கள். மட்கார்டைத் தட்டி மடித்தும் விட்டார்கள். மட்கார்டு ஏன் உரசுகிறது என்று யாரும் பார்க்கவில்லை. அலாயின் ஆஃப்செட் வேறு. அதாவது, வீல் வண்டியோடு ஒட்டி உட்காரும் முகத்துக்கும் வீலின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம். அது குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். பார்க்க அகலமாக, கம்பீரமாகத் தெரியும். ஆனால் பாரம் முழுவதும் பேரிங்கை நெம்பிக்கொண்டே இருக்கும்.

இதற்குமேல் நடந்ததுதான் என்னை எழுத வைக்கிறது. அந்த ஐப்பசியில் ஒரு நாள், மழை விட்டிருந்தது. சோளக்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். வண்டியில் என் நாத்தனாரும் அவருடைய இரண்டு பேத்திகளும். பாதி மலை இறங்கியிருப்போம், முன் இடது பக்கம் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். கல் தெறிக்கிறது என்று நினைத்தேன். அடுத்த வளைவில் ஸ்டீயரிங் லேசாக நடுங்கியது. ஓரமாக நிறுத்தி இறங்கி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் பார்த்தேன். வீல் மூடியைக் கழற்றிவிட்டு நட்டில் கை வைத்தேன். சுற்றியது. ஸ்பேனர் இல்லாமல், வெறும் விரலில் சுற்றியது. ஐந்து நட்டில் மூன்று அப்படி. இதை எழுதும்போதும் அந்த நட்டின் குளிர்ச்சி என் விரலில் இருக்கிறது. பின் சீட்டில் குழந்தைகள் நெல்லிக்காய் தின்றுகொண்டிருந்தார்கள்.

அங்கேயே இறுக்கி, நடந்து போவதுபோல ஓட்டிக் கீழே வந்தேன். அடிவாரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா முப்பது வருஷம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர். நாமக்கல் பக்கம் லாரியை அறிந்தவர்களுக்கா பஞ்சம்? அவர் வீலைக் கழற்றி, ஒரு நட்டைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குக் காட்டினார். "பார் கண்ணு, பழைய இரும்பு டிஸ்க் இந்த இடத்துல மெல்லிசு. அலாய் விரற்கடை கனம். பழைய நட்டையே போட்டிருக்கான். ஸ்டட்டுல நாலு சுத்துதான் பிடிச்சிருக்கு" என்றார். ஸ்டட் என்பது நட்டு ஏறும் மரைத் தண்டு. அது எவ்வளவு கனமோ, குறைந்தது அந்த அளவு ஆழத்துக்காவது நட்டின் மரை ஏற வேண்டும் என்பது அவர் கணக்கு. நட்டின் முகமும் பொருந்தவில்லை. எங்கள் பழைய நட்டு கூம்பு வாய். அலாயின் குழி உருண்டை வாய். கூம்பு உருண்டைக்குள் உட்கார்ந்தால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும்தான் ஒட்டும், ஓட ஓடத் தளரும். அந்த வளையம் அலாயில் பளபளவென்று தேய்ந்து தெரிந்தது.

நடு ஓட்டையும் சரியில்லை. வண்டியின் ஹப்பைவிட, அதாவது வீல் மாட்டும் நடுப்பகுதியைவிட, அலாயின் நடு ஓட்டை பெரிசு. இடையில் போட வேண்டிய வளையத்தைப் போடவில்லை. வீல் நட்டை நம்பி மட்டுமே நின்றிருக்கிறது. போலேரோவுக்கு ஐந்து போல்ட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 139.7 மி.மீ. பழைய ஜீப் காலத்து அளவு. அந்த அளவு பொருந்தினால் போதும், வீல் பொருந்திவிட்டது என்று கடையில் முடிவு செய்துவிட்டார்கள்.

கடையின் பெயரை நான் எழுத விரும்பவில்லை. ஒரு கடை மட்டும் என்றால் எழுதியிருப்பேன். அதற்குப்பிறகு டயர் வாங்க நான் நான்கு கடை ஏறினேன். ஒருவரும் "எங்கே ஓட்டுவீங்க, எவ்வளவு பாரம்?" என்று கேட்கவில்லை. எல்லாரும் "எத்தனை இஞ்ச் வேணும்?" என்றுதான் கேட்டார்கள். ஒருவர் விலை குறைவு என்று 205/65 ஆர்15 எடுத்து வைத்தார். டிஸ்க்கில் ஏறும், உண்மைதான். ஆனால் அதன் பக்கவாட்டில் 94 என்று போட்டிருந்தது. அது பாரக் குறியீடு. 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும். என் பழைய டயரில் 100, அதாவது 800 கிலோ. நான்கு டயரையும் கூட்டிப் பார்த்து "போதும்" என்று சொல்வது தப்பு. வளைவில் இறங்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கமும் வெளிப்பக்கமும் சாய்ந்து, கடைசியில் ஒரே டயரின் மேல் உட்கார்ந்துவிடும். உயரத்திலும் அது 56 மி.மீ. குட்டை. அதில் பாதி, அதாவது ஒரு இஞ்சுக்குமேல், வண்டி தாழ்ந்துவிடும்.

இன்னொரு கடையில் புதுசு என்று கொடுத்த டயரின் ஓரத்தில் கைபேசி வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். நான்கு இலக்கம்: 3120. 2020-ஆம் வருஷம் முப்பத்தொன்றாவது வாரம் செய்தது. மூன்று வருஷமாகக் கிடங்கில் கிடந்திருக்கிறது. மழிக்காத தாடிபோல முளைத்திருக்கும் ரப்பர் முடியைப் பார்த்து டயரைப் புதுசு என்று நம்பிவிடக் கூடாது. அந்த நான்கு இலக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியில் நான் செய்தது இதுதான். தென்னை ஓலைக் கொட்டகையில் கிடந்த பழைய இரும்பு டிஸ்க்குகளை எடுத்தேன். டயர் உட்காரும் விளிம்பில் துரு ஏறியிருந்தது. அதைச் சுரண்டி, பிரைமர் அடித்தோம். இல்லையென்றால் ட்யூப்லெஸ் டயரில் காற்று கசிந்துகொண்டே இருக்கும். ஒரு டிஸ்க் லேசாக நெளிந்திருந்தது, அதை மாற்றினேன். இரும்பு டிஸ்க் குழியில் விழுந்தால் நெளியும், கண்ணுக்குத் தெரியும். அலாய் விரிசல் விட்டால் உள்பக்கம் விடும், கழற்றினால்தான் தெரியும். எங்கள் ரோட்டுக்கு எனக்கு இரும்பே நிம்மதி. டயர் அதே 215/75 ஆர்15, பாரக் குறியீடு 100. 235/75 ஆர்15 போடலாமா என்றும் யோசித்தேன். உயரத்தில் அது 30 மி.மீ., அதாவது நான்கு சதவீதம்தான் கூடுதல். நம்மூரில் நிறையப் போலேரோவில் ஓடுகிறது. ஆனால் ஃபுல் கட்டில் எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்று அளந்து பார்த்தபிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள், விஷயத்தில் மகனும் நானும் உட்கார்ந்து பேசினோம். முழுக்க சேற்று டயர் போட்டால் தார் ரோட்டில் இரைச்சல், ஈரத்தில் பிடிப்பும் குறைவு. வெறும் ரோட்டு டயர் போட்டால் தோட்டத்துக்குள் போகும் கடைசி மண்பாதையில் மழைநாளில் சுற்றிக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஏ.டி. (ஆல் டெரெய்ன்) ரகத்தில், பட்டன் நெருக்கமாக இருப்பதாகப் பார்த்து எடுத்தோம். ஐந்து வாங்கினோம். ஐந்தாவது ஸ்டெப்னிக்கு. அலாய் போட்டபோது நான்குதான் வாங்கியிருந்தான், ஸ்டெப்னி பழைய உயரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வழியில் பஞ்சர் ஆகி அதைப் பின்னால் மாட்டியிருந்தால் ஒரே அச்சில் ஒரு சக்கரம் பெரிசு, ஒன்று சின்னது. இரண்டு பின் சக்கரத்துக்கும் ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் நிற்காமல் அரைத்துக்கொண்டே வந்திருக்கும்.

டயர் மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி இறுக்கினேன். இப்போது மலை ஏறுமுன் வீல் ஸ்பேனரை வைத்துப் பார்ப்பது பல் தேய்ப்பதுபோல வழக்கமாகிவிட்டது. காற்றும் வண்டி குளிர்ந்திருக்கும் காலையிலேயே, கையேட்டில் போட்டிருக்கும் பவுண்டு அளவுக்குத்தான்.

சட்டமும் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றியும் உங்கள் பக்கத்தில் எழுதவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாமல் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று இருக்கிறது. என் வண்டிக்கு 2025-ல் பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போனபோது வீலைக் குனிந்து பார்த்தார்கள். பழைய டிஸ்க்கில் இருந்ததால் கேள்வி எழவில்லை.

அலாயே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக, வண்டியின் உயரத்தை மாற்றாததாக, அதற்கென்றே செய்த நட்டோடு, நடு ஓட்டை சரியாகப் பொருந்துவதாகப் பார்த்துப் போட்டால் தாராளமாகப் போடலாம். நான் எதிர்ப்பது கண்ணால் மட்டும் பார்த்து வாங்குவதை. புது வண்டி வாங்குகிறவருக்குக் கம்பெனியே எல்லாம் பார்த்துக் கொடுத்துவிடும். பத்து, பதினைந்து வருஷ வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் விவரம் வேண்டும். எங்கள் மாவட்டத்தில் அப்படிப்பட்ட வண்டிதான் அதிகம். ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்கு அத்தனை வெளியூர் வண்டிகளும் இந்த எழுபது வளைவில்தான் ஏறி இறங்குகின்றன.

ஆகையால் ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம் ஒதுக்கி, ஒரு டயரின் பக்கவாட்டைப் பெரிதாகப் படம் போட்டு, அளவு எங்கே, பாரக் குறியீடு எங்கே, செய்த வாரமும் வருஷமும் எங்கே என்று அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். பக்கத்திலேயே கூம்பு வாய் நட்டையும் உருண்டை வாய் நட்டையும் அருகருகே வைத்து ஒரு படம். எழுத்து பெரிதாக இருக்கட்டும். அடிவாரத்துப் பஞ்சர் கடைத் தம்பியிடம் சொல்லிவிட்டேன், காற்று பிடிக்கும் குழாய்க்கு மேலே சுவரில் அதை ஒட்ட இடம் விட்டு வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு மிளகு வியாபாரி,
காரவள்ளி, நாமக்கல் மாவட்டம்.