மணி அடிப்பவருக்கும் சம்பளம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம். அரசு உதவி பெறும் பள்ளி என்றாலே ஆசிரியர் பணியிடம் பற்றித்தான் பேசுகிறோம். இளநிலை உதவியாளர், ஆய்வக உதவியாளர், இரவுக்காவலர், துப்புரவுப் பணியாளர் எல்லோரும் தமிழ்நாட்டின் 1973-ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வந்தவர்கள்தான், அதற்குப் பதிலாக வந்த 2018-ஆம் ஆண்டுச் சட்டமும் அவர்களை விட்டுவிடவில்லை. நியமிப்பது நிர்வாகம், ஆனால் கல்வித்துறை ஒப்புதல் தந்தால்தான் அரசு மானியத்தில் சம்பளம். சரி, கோப்பு மேசையில் கிடக்கும் மாதங்களில் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்த ஒருவர் மணி அடித்து, கழிப்பறை கழுவி, இரவில் வாசலிலும் படுத்துக்கொண்டு, வீட்டுச் செலவுக்குக் கடன் வாங்கினார். அரசு ஏற்கெனவே அனுமதித்த பணியிடம்தானே அது! ஒப்புதலோ மறுப்போ, அதைக் காரணத்தோடு எழுத்தில், 30 நாளுக்குள் கொடுக்கச் சொல்லி அரசு உத்தரவிட வேண்டும்.

– ஒரு வாசகர், மதுரை