சென்னாவோடு ராட்சன்பெர்கரையும் நினைவுகூருங்கள்

ஐயா,

மே 1 வந்தால், அன்று உயிரிழந்த ஃபார்முலா ஒன் கார் பந்தய வீரர் அயர்ட்டன் சென்னாவின் படமும் நினைவுக் குறிப்பும் விளையாட்டுப் பக்கங்களில் தவறாமல் இடம்பெறுகின்றன. மூன்று முறை உலக சாம்பியனான அவருக்கு அது தகும். ஆனால் 1994இல் சென்னா உயிரிழந்த, இத்தாலியின் அதே இமோலா பந்தயத் தடத்தில், அதற்கு முந்தைய நாள் உயிரிழந்த ஆஸ்திரிய வீரர் ரோலண்ட் ராட்சன்பெர்கரின் பெயர் அந்தக் குறிப்புகளில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை.

33 வயதில், சிம்டெக் என்ற சிறிய அணியில்தான் அவருக்கு ஃபார்முலா ஒன் வாய்ப்புக் கிடைத்தது. ஓடி முடித்தது ஒரே ஒரு பந்தயம். தகுதிச் சுற்றில் தடத்தை விட்டு விலகியபோது சேதமடைந்த காரின் முன் இறக்கை, தடத்தை அடுத்த முறை சுற்றி முழு வேகத்தில் செல்கையில் முறிந்துவிட, திரும்ப மறுத்த கார் வில்நவ் வளைவின் சுவரில் மோதியது. மறுநாள் சென்னாவின் நொறுங்கிய காருக்குள் ஓர் ஆஸ்திரியக் கொடி இருந்தது. வென்றால் ராட்சன்பெர்கருக்காக அதை அசைத்துக் காட்ட எண்ணியிருந்தாராம்.

இத்தகைய விபத்துகளில் ஓட்டுநரைக் காக்கும் ஏற்பாடுகள் பிறகுதான் வந்தன: கழுத்தைக் காக்கும் ‘ஹான்ஸ்’ சாதனம் 2003இலும், ஓட்டுநரின் தலையைச் சுற்றி அமையும் ‘ஹாலோ’ வளையம் 2018இலும் ஃபார்முலா ஒன்னில் கட்டாயமாயின. பார்க்க அழகில்லை என்று பலரும் முகம் சுளித்த அந்த வளையம்தான், 2020இல் பஹ்ரைனில் தடுப்பு வேலியைத் துளைத்துத் தீப்பற்றிய காரில் ரொமெய்ன் குரோஜானின் தலையைக் காத்தது.

வரும் ஆண்டு ஏப்ரல் 30 இதழில் ராட்சன்பெர்கரின் படத்தையும் ஒரு சிறு குறிப்பையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை.